கெட்ட எண்ணத்துக்கு ஒரு சாட்சி

நகராட்சியில் தன்னை வெறுப்பவர் ஒருவர்கூட இல்லை என்பது கண்ணாடிக்கடைக்காரருக்கு மூன்றாவது வாரத்தில் தெரியவந்தது. அதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கண் பரிசோதனை அட்டைக்கும் கடை வாசலுக்கும் நடுவே பதினான்கு அடி. அந்தப் பதினான்கு அடியில் நாள் முழுவதும் போய்வந்துகொண்டிருந்தார். போகும்போதும் வரும்போதும் சாவிக்கொத்து விரலில் சுழன்றது. உள்ளறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி, அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்க இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார். தேய்ப்பதற்கு லென்ஸ் எதுவும் இல்லை.

திவால்தான் காரணம். சரியாகச் சொன்னால், இல்லாத திவால். ஏழு வருடங்களுக்கு முன்பே காலி செய்துவிட்ட பழைய கடைக்கு அவர் வரி கட்டவில்லை என்று நகராட்சி எழுதிவைத்தது. எழுதியதோடு நிற்காமல், இந்த ஆளைத் திவாலானவர் என்று அறிவிக்கவேண்டும் என நீதிமன்றத்தில் மனுவும் போட்டது. காலி செய்ததைத் தெரிவித்து அவர் கொடுத்த கடிதம், பெற்றுக்கொண்ட முத்திரையோடு, நகராட்சியின் கோப்பிலேயே இருந்தது. அது வெளியே வந்த அன்றைக்கு நீதிபதி மனுவை இரண்டே நிமிடத்தில் தள்ளிவிட்டார். அந்த இரண்டு நிமிடம் வந்து சேர எட்டு மாதம் பிடித்தது.

எட்டு மாதமும் கடை ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மஞ்சள் கடுதாசி கொடுத்த ஆள் என்று தெரு முழுக்கப் பேச்சு. மனு தள்ளுபடியானபின் நோட்டீஸைச் சுரண்டி எடுத்தார். பேச்சைச் சுரண்ட முடியவில்லை. முன்பெல்லாம் உடைந்த கண்ணாடியை மேஜைமேல் போட்டுவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனவர்கள், இப்போது ஸ்க்ரூ மாட்டி முடிக்கும்வரை எதிரே நின்று, கையோடு வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் அப்படி நிற்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவருக்கு ஒரு தீர்ப்பு வேண்டும். நகராட்சி வேண்டுமென்றே இந்த மனிதரைக் கெடுத்தது என்று ஒரு நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்பு. அதை ஷட்டரில் அதே இடத்தில் ஒட்டவேண்டும்.

நகராட்சிமேல் வழக்குப் போட அவர் அமர்த்திய வக்கீலம்மாவுக்கு அதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது.

"நாலு விஷயம் நிரூபிக்கணும்," என்று விரல்விட்டு எண்ணினார். "அவங்க வழக்குப் போட்டாங்க. அது தோத்துப்போச்சு. போடறதுக்கு நியாயமான காரணம் கிடையாது. மூணும் கையில இருக்கு. நாலாவது, கெட்ட எண்ணத்தோட போட்டாங்கன்னு காட்டணும்."

"எட்டு மாசம் என்னை ஊர் சிரிக்க வச்சாங்களே, அது கெட்ட எண்ணம் இல்லையா?"

"அது கெட்ட விளைவு. எண்ணம் வேற. தெரியாம நடந்துபோச்சுன்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னா நம்ம வழக்கு படுத்துடும். யாரோ ஒருத்தருக்கு உங்க மேல வன்மம் இருந்திருக்கணும். யாரு அந்த ஆளு?"

கடைக்காரர் யோசித்தார். வாழ்க்கையில் தனக்கு விரோதியே இல்லை என்பது அதுவரை அவருக்குப் பெருமையாக இருந்தது. கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துத்தான் அனுப்புவார். சிரித்துவிட்டுப் போனவர்கள் எப்படி விரோதியாவார்கள்? இப்போது அந்தப் பெருமை நாலாவது விரலில் வந்து இடித்தது.

விரோதியைத் தேடி நகராட்சி அலுவலகத்துக்குப் போகத் தொடங்கினார்.

முதல் வாரம் அவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார்கள். வருவாய் அதிகாரி, கம்ப்யூட்டர் செய்த தப்பு என்று சொல்லி வருத்தப்பட்டார். அவர் வருத்தப்பட்டது உண்மையாகவே இருந்தது. கடைக்காரர் வெறுங்கையோடு திரும்பினார்.

இரண்டாவது வாரம், வெறுப்பு தானாக வராவிட்டால் வரவழைக்கவேண்டும் என்று தீர்மானித்தார். சட்டைப் பையில் போனைப் பதிவில் போட்டு வைத்துக்கொண்டு, வரி வசூல் ஜன்னலுக்கு முன்னால் நின்று கத்தினார். நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தினீர்கள் என்றார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலில் இருந்த அம்மாள் ஒரு கெட்ட வார்த்தை சொல்வார், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்.

"உங்களுக்குப் படபடப்பா இருக்கு சார்," என்றார் அந்த அம்மாள். "முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க."

தண்ணீர் டம்ளரை நீட்டியபோதுதான் கடைக்காரர் பார்த்தார். அந்த அம்மாளின் கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் பையில் இருக்கும். கத்தியபடியே கண்ணாடியை வாங்கி, கத்தியபடியே ஸ்க்ரூவை மாட்டி, துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் அதே ஜன்னலில் மூன்று பேர் உடைந்த கண்ணாடிகளோடு காத்திருந்தார்கள். வார முடிவுக்குள் மொத்த வருவாய்ப் பிரிவுக்கும் மூக்குத்தாங்கி மாற்றியாயிற்று. மூன்றாவது வாரம் ஆணையரின் படிக்கும் கண்ணாடி மாடியிலிருந்து இறங்கி வந்தது. பின்னாலேயே ஒரு பாராட்டுச் சான்றிதழும் வந்தது.

வக்கீலம்மா பதிவை முழுவதும் கேட்டார். சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது வெளிய தெரிஞ்சா, அவங்களுக்கு உங்க மேல எவ்வளவு பாசம்னு அவங்க வக்கீல் ஒரு மணி நேரம் பேசுவார்," என்றார். "தயவுசெஞ்சு இனிமே யாருக்கும் நல்லது பண்ணாதீங்க."

கடைசி வழியாக அவர் ஒன்று சொன்னார். மனுவில் ஒப்பமிட்டது ஆணையர். ஆனால் எழுதியது யாரோ ஒரு கீழ்நிலை ஊழியர். கோப்பின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சுருக்கொப்பம் இருக்கும். அது யாருடையது என்று கண்டுபிடித்தால் ஏதாவது கிடைக்கலாம். வேலையில் இருந்துகொண்டு செய்ததால், அந்த ஆளின் எண்ணம்தான் சட்டப்படி நகராட்சியின் எண்ணம்.

கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. ஜன்னல் அம்மாளே புதுக் கண்ணாடிக்கால் பளபளக்கக் கைகாட்டினார். கோடி அறையில் இருந்த தலைமை எழுத்தர்.

தொழில் பழக்கத்தில் கடைக்காரர் முதலில் மூக்கைத்தான் பார்த்தார். எடுப்பான, அகலமான மூக்கு. அதன்மேல் கண்ணாடி இல்லை. கையை முழுதாக நீட்டிக் காகிதத்தைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தார் தலைமை எழுத்தர். கடைக்காரருக்கு நாக்கு நுனிவரை ஒரு வேடிக்கை வந்தது. வழக்கு ஞாபகம் வந்ததால் விழுங்கிக்கொண்டார்.

"என் மேல திவால் மனு எழுதினது நீங்கதானா?"

"நான்தான்."

"தெரியாமத்தான் எழுதினீங்களா?"

தலைமை எழுத்தர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"உங்க வக்கீல் என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

மறைக்கத் தெம்பில்லாமல் கடைக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நாலு விரல், மூன்று வாரம், சான்றிதழ் எல்லாம். தலைமை எழுத்தர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ யாராவது ஒருத்தர் கூண்டுல ஏறி, எனக்கு இவர் மேல வன்மம் இருந்தது, அதனாலதான் எழுதினேன்னு சொன்னாப் போதுமா?"

"போதும். எவன் சொல்வான்?"

"நான் சொல்றேன்."

கடைக்காரரால் நம்ப முடியவில்லை. அலுவலகத்தில் நாலு பேருக்கு ஸ்க்ரூ மாட்டியதற்காக, ஓய்வுபெற ஆறு மாதமே இருக்கும் ஒரு மனிதர், முன்பின் தெரியாதவருக்காக இல்லாத பாவத்தை ஏற்றுக்கொள்கிறார். இல்லாததைச் சொல்வது கஷ்டமாக இருக்காதா என்று கேட்டார்.

"பழகிக்கலாம்," என்றார் தலைமை எழுத்தர்.

ஒத்திகை மறுநாளே ஆரம்பமானது. அலுவலகம் முடிந்ததும் தலைமை எழுத்தரின் வீட்டில், சாப்பாட்டு மேஜையில். அவருடைய மனைவி இரண்டு கோப்பைத் தேநீரை வைத்துவிட்டு, வாங்கண்ணா என்பதற்கு மேல் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுவார்.

பகைக்கு ஒரு காரணம் வேண்டும். கடைக்காரர் இரண்டு காரணங்கள் தயாரித்துக்கொண்டு போயிருந்தார். ஒன்று, எல்லைச் சுவர்த் தகராறு. இன்னொன்று, தேர்தலில் எதிரெதிர்க் கட்சி. தலைமை எழுத்தரால் இரண்டையும் சொல்ல முடியவில்லை. சுவர் என்றதும் எந்தப் பக்கச் சுவர் என்று மறந்தார். கட்சி என்றதும் திக்கினார், வியர்த்தார், நடுவில் மன்னிப்பு வேறு கேட்டார். இந்த மனிதரைக் கூண்டில் ஏற்றினால் தாங்காது என்று கடைக்காரருக்குக் கவலை வந்துவிட்டது.

"பெரிய காரணம் சரிப்படாது," என்றார் தலைமை எழுத்தர், தேநீர் ஆறியபிறகு. "சின்னதா இருக்கணும். ரொம்பச் சின்னதா."

"உங்களுக்கே ஏதாவது தோணுதா?"

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி நான் உங்க கடைக்குக் கண்ணாடி போட வந்தேன்னு வச்சுக்குவோம். கல்யாணமாகி ஒரு மாசம். கூட என் மாமனார். நீங்க ஒவ்வொரு பிரேமா என் மூக்குல வச்சுப் பார்த்தீங்க. எதுவும் உட்காரலை. நகராட்சியில வரிப் பிரிவுல வேலைன்னு என் மாமனார் பெருமையாச் சொன்னார். அதுக்கு நீங்க சொன்னீங்க, அப்படின்னா முதல்ல உங்க மூக்குக்கு வரி போடுங்க சார், இது தனிக் கட்டடம்னு."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சொல்லக்கூடிய ஆள்தான் என்றார்.

"கடையில பதினோரு பேர் இருந்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. முதல்ல சிரிச்சது என் மாமனார். அன்னியிலிருந்து அந்த வீட்டுல எனக்குப் பேரு வரி மாப்பிள்ளை. மாமியார் அப்படித்தான் கூப்பிட்டாங்க. மச்சினன் பிள்ளைங்க வரி மாமாங்குது. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல ஒரு தடவை, உங்கப்பா பேரு என்னன்னு கேட்டதுக்கு..."

அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"பதினோரு பேருன்னு எண்ணிக்கை சேர்த்தீங்க பாருங்க, அங்கதான் நிக்கறீங்க," என்றார் கடைக்காரர். "ஆனா ஒரு வேடிக்கைப் பேச்சுக்காகவா ஒருத்தன் இன்னொருத்தனைத் திவாலாக்குவான்? ஜட்ஜ் சிரிக்கப் போறார்."

"சிரிப்பாங்க," என்றார் தலைமை எழுத்தர். "எல்லாரும் சிரிப்பாங்க."

இந்தக் காரணத்தில் அவர் திக்கவில்லை. வியர்க்கவும் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் அது வளர்ந்தது. வாதியின் நடத்தையில் உமக்குப் பிடிக்காதது என்ன என்று வக்கீல் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கடைக்காரர் கேட்க, தலைமை எழுத்தர் மேஜையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். இந்த ஆள் தான் சொல்லப்போகும் வேடிக்கைக்கு முன்கூட்டியே சிரித்துவிடுவார். அடுத்தவர் கண்ணாடியைக் கேட்காமல் முகத்திலிருந்து கழற்றுவார். கழற்றித் தன் கைக்குட்டையால் துடைப்பார். சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு நடப்பார், தெருக்கோடியிலிருந்தே அது கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நான் சந்துக்குள் திரும்பிவிடுவேன்.

"பிரமாதம்," என்றார் கடைக்காரர். "இதையெல்லாம் எங்க பிடிச்சீங்க?"

தலைமை எழுத்தர் ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

ஆனால் அன்று வீட்டுக்கு நடக்கும்போது சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டார். பையிலும் அது சத்தம் போட்டது. கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். மறுநாள் கடையில் ஒரு வேடிக்கை சொல்லவந்து, தான் முன்கூட்டியே சிரிப்பதைத் தானே கேட்டு, பாதியில் விட்டார். வாடிக்கையாளர் மீதிக்காகக் காத்திருந்துவிட்டுப் போனார்.

உள்ளறைக்குப் போய் மனைவியிடம் கேட்டார். "நான் சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சுடறேனா?"

மனைவி இயந்திரத்தை நிறுத்தினார்.

"இதைச் சொல்லணும்னு பதினெட்டு வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்," என்றார். திரும்ப இயந்திரத்தைப் போட்டுவிட்டார்.

அதன்பிறகு வந்த மாதங்களில் தலைமை எழுத்தரின் வீட்டுக்குப் போவது ஒத்திகைக்கு மட்டுமாக இல்லை. தன்னை இவ்வளவு கூர்ந்து கவனித்துச் சொன்னவர் உலகத்தில் வேறு யாருமில்லை என்று கடைக்காரருக்குத் தோன்றிவிட்டது. ஒத்திகை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு இருவரும் ஏரிக்கரைவரை நடப்பார்கள். தலைமை எழுத்தர் பேசமாட்டார். கடைக்காரர் பேச்சைக் குறைத்துக்கொள்ளப் பழகினார். மௌனமாக நடந்துவிட்டுத் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. கடை ஷட்டர் பாதியில் சிக்கியபோது தலைமை எழுத்தரே சட்டைக்கையை மடித்துவிட்டு எண்ணெய் போட்டு இழுத்துவிட்டார். கடைக்காரர் காய்ச்சலில் படுத்தபோது ஆரஞ்சு வாங்கிவந்து, கட்டில் ஓரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

"கோர்ட்டுல உங்க விரோதின்னு காட்டப்போறது இவரைத்தானா?" என்று கேட்டார் மனைவி, ஆரஞ்சை உரித்துக்கொண்டே. "நல்லா இருக்கு."

நன்றாக இல்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. நகராட்சியின் வக்கீல் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். ஏரிக்கரை, மழை, ஒரே குடை. அதற்கடியில் வாதியும் அவரை வெறுப்பதாகச் சொல்லும் சாட்சியும். சாட்சியின் தோள் நனையாமல் இருக்க வாதி குடையைச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

வக்கீலம்மா படத்தை மேஜையில் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். இவர் உங்களை வெறுக்கிறவரா, உங்கள் கூடப்பிறந்தவரா என்று கேட்டார். முன்பு வெறுத்தார், இப்போது திருந்திவிட்டார் என்று கடைக்காரர் சமாளித்தார். அப்படியானால் மறுபடி கெட்டுப்போகச் சொல்லுங்கள், வழக்கு வருவதற்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது என்றார் வக்கீலம்மா.

எனவே ஊர் பார்க்க ஒரு சண்டை போடுவது என்று முடிவானது. சனிக்கிழமை மாலை, கடை வாசல், ஆள்நடமாட்டம் அதிகமுள்ள நேரம். தலைமை எழுத்தர் வந்து நின்று திட்டவேண்டும். கடைக்காரர் பதிலுக்குத் திட்டவேண்டும். ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடவேண்டும்.

தலைமை எழுத்தர் சொன்ன நேரத்துக்கு வந்தார். முதலில் மெல்லத்தான் ஆரம்பித்தார். பிறகு குரல் உயர்ந்தது. மனுஷனுடைய முகத்தை வைத்துக் கும்பலுக்கு முன்னால் கேலி செய்கிறவனுக்கு ஒரு நாளாவது தலைகுனிவு வரவேண்டாமா என்று கேட்டார். கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரர் பதிலுக்குத் திட்ட வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், நடிப்பை ரசித்துக்கொண்டு நின்றார்.

கூட்டத்துக்கு அது நடிப்பென்று தெரியாது. தினமும் பார்க்கிற கடைக்காரரை எவனோ வந்து திட்டுகிறான், அவர் பாவம் வாய்திறக்காமல் நிற்கிறார். பக்கத்து டயர்க் கடைக்காரர் தலைமை எழுத்தரின் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் கை ஓங்கினார். கடைக்காரர் பாய்ந்து குறுக்கே விழுந்தார்.

"அவர் மேல கை வைக்காதீங்க. அவர் என் சிநேகிதர்."

ஓங்கிய அடி கடைக்காரரின் காதுக்குக் கீழே விழுந்தது. தலைமை எழுத்தர் அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்தார். மனைவி ஈரத் துணி கொண்டுவந்தார். வாசலில் நின்ற கூட்டத்தில் ஏழெட்டு போன்கள் உயர்ந்திருந்தன.

"ஏன் குறுக்க வந்தீங்க?" என்றார் தலைமை எழுத்தர்.

"பின்ன? உங்களை அடிக்க விட்டுட்டுப் பார்த்துக்கிட்டிருப்பேனா?"

தலைமை எழுத்தர் ஈரத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு, என்ன ஆனாலும் கூண்டில் ஏறிச் சொல்லத்தான் போகிறேன் என்றார். சொல்லாமல் இனி முடியாது என்றார். கடைக்காரருக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு மனிதனைச் சம்பாதித்துக் கொடுத்ததற்காக நகராட்சிக்கு நன்றி சொல்லவேண்டும் போல் இருந்தது.

வழக்குக்கு முதல் நாள் வக்கீலம்மா காகிதங்களை அடுக்கிக்கொண்டே, போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"அவர் மட்டும் ஒத்துக்கிட்டா நாம ஜெயிச்ச மாதிரிதான். அந்த மனுஷன் பாடுதான் திண்டாட்டம்."

"ஏன்?"

"அரசாங்க வேலையை வச்சுச் சொந்தப் பகையைத் தீர்த்துக்கிட்டேன்னு கோர்ட்டுல சொன்னா சும்மா விடுவாங்களா? ஓய்வுக்கு ஆறு வாரம் இருக்கறப்ப வேலையை விட்டு நீக்குவாங்க. பென்ஷன் கிடையாது. அவர்கிட்ட இதை எப்பவோ சொல்லிட்டேன். தெரியும்னார்."

கடைக்காரர் எழுந்துவிட்டார். வக்கீலம்மாவின் அறை சிறியது. நாலு அடிக்கு மேல் நடக்க முடியவில்லை. கடைக்கு வந்து நடந்தார். ஒரு பக்கம் ஷட்டரில் ஒட்டப்போகும் தீர்ப்பு. எதிரே நின்று கண்ணாடியைக் கையோடு வாங்கிப்போகிறவர்களின் முகங்கள். இன்னொரு பக்கம், தனக்காகச் செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு, பென்ஷன் இல்லாமல் அந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்காரப்போகும் மனிதர். சோற்றில் கை வைத்தார், எழுந்து நடந்தார். மனைவி தட்டை எடுத்து மூடிவைத்தார். இன்று இயந்திரத்தைப் போடவில்லை.

மறுநாள் தலைமை எழுத்தர் சலவைச் சட்டை போட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். கூண்டில் ஏறி நின்றார். உடம்பு நேராக இருந்தது. பல நாள் வயிற்றுவலிக்குப் பிறகு மருத்துவரைப் பார்க்க வந்தவரின் முகம்.

வக்கீலம்மா கேட்டார். "இந்தத் திவால் மனுவை எழுதும்போது, வாதி மேல உங்களுக்கு ஏதாவது தனிப்பட்ட வன்மம் இருந்ததா?"

தலைமை எழுத்தர் கடைக்காரரை நேராகப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

கடைக்காரர் எழுந்து நின்றார். "ஐயா, வேண்டாம். வழக்கை வாபஸ் வாங்கிக்கறேன்."

வக்கீலம்மா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். நீதிபதி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். வாதி சுயநினைவோடுதான் சொல்கிறாரா என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றார் கடைக்காரர். கூண்டிலிருந்து தலைமை எழுத்தர் ஏதோ சொல்ல முயன்றார். வழக்கே இல்லாதபோது சாட்சியும் இல்லை, இறங்குங்கள் என்று நீதிபதி சொல்லிவிட்டார். பிறகு எழுதச் சொன்னார்: வழக்கு வாபஸ் பெறப்பட்டது. நகராட்சி கெட்ட எண்ணத்தோடு நடந்துகொண்டதாகக் காட்ட எதுவும் இல்லை. நகராட்சியின் செலவை வாதியே ஏற்கவேண்டும்.

வெளியே வராந்தாவில் வக்கீலம்மா காகிதக் கட்டை இடுக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார். கடைக்காரரின் மனைவி படியில் உட்கார்ந்து, கடையில் எந்த இயந்திரத்தை விற்கலாம் என்று யோசிக்கிறவர் போலத் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை எழுத்தர் கடைக்காரரின் எதிரே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"ஏன் என்னைச் சொல்ல விடலை?"

"எனக்காக நீங்க ஒரு பொய்யைச் சொல்லி, கடைசிக் காலத்துல தெருவுல நிக்கறதா? எனக்கு அந்தத் தீர்ப்பே வேண்டாம் சார். சிநேகிதர் போதும்."

தலைமை எழுத்தர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று திரும்பி, நீதிமன்ற வாசலை நோக்கித் தனியாக வேகமாக நடந்துபோனார்.

அவருடைய மனைவி பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார். கடைக்காரர் அவரை நிறுத்தினார்.

"வருத்தப்பட வேண்டாம்னு சொல்லும்மா தங்கச்சி. அன்னிக்குத் தெருவுல அவர் திட்டினதைக் கேட்டு நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன். அந்த மாதிரி நடிப்பு லேசுல யாருக்கும் வராது."

"நடிப்பா?" என்றார் அவர், புரியாமல். "எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிட்டதாத்தானே அவர் சொன்னார்? அந்தத் திவால் மனுவை எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்துதான் எழுதினார் அண்ணா. எழுதி முடிச்சுட்டு, முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் தொண்டையில சோறு இறங்குதுன்னு, என்னைக் கூப்பிட்டு ரெண்டாந்தடவை போடச் சொல்லிச் சாப்பிட்டார்."